பள்ளிக்கூடமா, கூத்தா? சனி, ஞாயிறு வகுப்பு கைகொடுக்குமா?

விடிய விடியக் கூத்து பார்த்துவிட்டு, மறுநாள் வகுப்பில் தூங்கி வழிந்து, வாத்தியாரிடம் குட்டு வாங்கிய அனுபவம் பழைய தென்னார்க்காட்டு ஆட்கள் பலருக்கு உண்டு.

பார்த்ததற்கே இந்தப் பாடு. ஆடக் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டால்?

ஆடுகிற பிள்ளை ராத்திரி ஒன்பது, பத்து மணிக்கு முகத்தில் அரிதாரம் பூச வேண்டும். பொழுது விடிந்த பிறகுதான் கலைக்க முடியும். சற்று நேரத்தில் பள்ளிக்கூட மணி அடித்துவிடும். எத்தனை நாள் உடம்பு தாங்கும்? ஒன்று, கூத்து நிற்க வேண்டும். இல்லை, படிப்பு நிற்க வேண்டும்.

தலைமுறை தலைமுறையாக நின்றது படிப்புதான்.

இப்போது பட்டணத்தில் சனி, ஞாயிறு நடிப்பு வகுப்பு பெருகிவிட்டது. பன்னிரண்டு, பதினாலு வயதுப் பிள்ளைகளை அப்பா ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுகிறார். இரண்டு மணி நேரம் நடிப்பு, அப்புறம் டியூஷன்.

கள்ளக்குறிச்சி மாவட்டம் நைனார்பாளையம் போன்ற ஊர்களில் அப்படி ஒரு வகுப்பு வைத்தால் எதைச் சொல்லிக் கொடுப்பது? சினிமா வசனத்தையா? இந்த வட்டாரத்தில் கர்ணனும் துரியோதனனும் பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி. அவர்களை விட்டுவிட்டு வேறு எங்கே போவது?

ஆனால் கூத்து, சனி ஞாயிறில் வருகிற வித்தையா? அதுதான் கேள்வி.

மூன்று போர்டு

நைனார்பாளையம் சின்னசேலம் ஒன்றியத்தைச் சேர்ந்த ஊர். கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாக இயங்கத் தொடங்கியது 2019 நவம்பரில். அதற்கு முன் விழுப்புரம் மாவட்டம். 1993க்கு முன்னால் தென்னார்க்காடு.

ஆபீஸ் போர்டு இரண்டு தரம் மாறியது. கூத்து மாறவில்லை.

திரௌபதி அம்மன் வழிபாடும் பாரதக் கூத்தும் ஆழ வேரூன்றிய சீமை இது. ஆல்ஃப் ஹில்ட்டபைட்டல் என்ற அமெரிக்கப் பேராசிரியர் செஞ்சிப் பக்கம் வந்து தங்கி, கோவில் கோவிலாக அலைந்து, திரௌபதி வழிபாட்டைப் பற்றித் தடித்தடியாகப் புத்தகம் எழுதினார். முதல் பாகம் 1988இல் வந்தது. உள்ளூர்க்காரர்களுக்குப் பழகிப்போன சங்கதிதான். வெள்ளைக்காரர் எழுதினால் மதிப்பு கூடிவிடுகிறது!

அரவானுக்குச் சித்திரையில் விழா எடுக்கும் கூவாகம் இதே மாவட்டத்தில், உளுந்தூர்பேட்டைப் பக்கம் இருக்கிறது. பாரதம் வைக்கிற ஊர்களில் பகலில் பிரசங்கம், ராத்திரியில் கூத்து. பகடை துகில், அருச்சுனன் தபசு, அபிமன்னன் சண்டை, கர்ண மோட்சம் என்று ஒவ்வொரு ராத்திரிக்கும் ஒரு கதை. கடைசியில் பதினெட்டாம் போர். மண்ணால் செய்த துரியோதனன் படுகளத்தில் மல்லாந்து கிடப்பான். மாலையில் தீமிதி.

சாவு வீட்டுக் காரியத்துக்குக் கர்ண மோட்சம் வைக்கிற வழக்கமும் வடமாவட்டங்களில் உண்டு.

இத்தனைக்கும் ஆள் வேண்டும். ஜமாவில் இருப்பவர்களுக்கு வயதாகிக்கொண்டே போகிறது. அடுத்து யார் வேஷம் கட்டுவது?

ஆறு வயதில் அரிதாரம்

பிள்ளைகளைச் சேர்த்து நடிப்பு சொல்லிக் கொடுப்பது தமிழ்நாட்டுக்குப் புதிது இல்லை. நூறு வருஷத்துக்கு முன்னால் ‘பாய்ஸ் கம்பெனி’ என்றால் ஊரே திரளும்.

நாடக உலகின் தலைமை ஆசிரியர் என்று போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகள், 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவைத் தொடங்கினார். நடிகர்கள் எல்லாரும் சிறுவர்கள். அங்கே சேர்ந்தபோது டி. கே. சண்முகத்துக்கு வயது ஆறு! அவருக்காகவே ‘அபிமன்யு சுந்தரி’ நாடகத்தைச் சுவாமிகள் ஒரே ராத்திரியில் எழுதி முடித்தார்.

அந்தச் சண்முகம்தான் பிற்காலத்தில் அவ்வைக் கிழவி வேஷம் போட்டு ‘அவ்வை சண்முகம்’ ஆனார். அவருடைய குழுவில் சிறுவனாக இருந்தவர் கமல்ஹாசன். 1996இல் வந்த ‘அவ்வை சண்முகி’ படத்தின் பேருக்குப் பின்னால் இருப்பது இந்தக் கதை.

எம்.ஜி.ஆர். சிறு வயதில் சேர்ந்தது மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி. சிவாஜி கணேசன் சேர்ந்தது யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் கம்பெனி. ஏட்டுப் படிப்புக்குப் பதிலாகப் பாட்டும் வசனமும். கம்பெனி வீட்டிலேயே சாப்பாடு, படுக்கை. தப்பு செய்தால் பிரம்படி.

பேர் எடுத்தவர்களைத்தான் ஊர் நினைவு வைத்திருக்கிறது. எத்தனையோ பிள்ளைகள் கம்பெனியோடு ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, படிப்பும் இல்லாமல், பேரும் இல்லாமல் வீடு திரும்பினார்கள். அவர்கள் கணக்கை யாரும் எழுதி வைக்கவில்லை.

மகரக்கட்டு

அந்தக் கம்பெனிகளில் பிள்ளைகளை நடுங்க வைத்த வார்த்தை ஒன்று உண்டு. மகரக்கட்டு!

பன்னிரண்டு, பதினாலு வயதில் பையன்களுக்குக் குரல் உடையும். நேற்று வரை குயில் மாதிரி பாடியவன் இன்று வாய் திறந்தால் தகரத்தைத் தேய்த்த மாதிரி இருக்கும். ஸ்திரீ பார்ட் போட்டுக் கைதட்டல் வாங்கிய பையன் ஒரே மாதத்தில் மூலைக்குப் போவான். குரல் நல்லபடியாகத் திரும்பினால் ராஜபார்ட். திரும்பாவிட்டால் திரை இழுக்க வேண்டியதுதான்.

இது பழைய கதை என்று தள்ள முடியாது. சனி, ஞாயிறு வகுப்புக்கு வரப்போவது இதே வயதுப் பிள்ளைகள். கூத்துப் பாட்டோ உச்ச ஸ்தாயி. மைக் வராத காலத்தில் ஊர்க் கடைசியில் உட்கார்ந்திருப்பவர் காதுக்கும் எட்டப் பாடிய பாட்டு அது. குரல்வளை வளர்கிற சமயத்தில் தொண்டையைக் கிழித்துக்கொண்டு கத்தினால் குரல் கம்மிப்போகும்.

விஷயம் தெரிந்த வாத்தியார் என்ன செய்வார்? அந்த ஒரு வருஷம் பையனைப் பாட விட மாட்டார். மிருதங்கத்திலோ தாளத்திலோ உட்கார வைப்பார். இல்லை, கட்டியக்காரன் வேஷத்துக்குப் பழக்குவார். கட்டியக்காரனுக்குக் குரல் கரகரத்தால் கூட ஒரு சிரிப்பு கூடுதலாகக் கிடைக்கும்!

காஞ்சிபுரத்துப் பள்ளி

படிப்பும் வேண்டும், கூத்தும் வேண்டும் என்று பிடிவாதமாக நின்று நடத்திக் காட்டிய இடம் ஒன்று இருந்தது. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புஞ்சை அரசந்தாங்கல் கிராமத்தில் இருந்த கட்டைக்கூத்து குருகுலம்.

அதை உண்டாக்கியவர் பி. ராஜகோபால். பெருங்கட்டூர் பொன்னுசாமியின் மகன். ராஜகோபால் பத்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு அப்பாவின் ஜமாவில் சேர்ந்தவர். தனக்கு நேர்ந்தது அடுத்த பிள்ளைக்கு நேரக் கூடாது என்பது அவருடைய எண்ணம். மனைவி ஹன்னே டி புருய்ன், நெதர்லாந்தைச் சேர்ந்தவர், கூத்தை ஆராய்ந்தவர்.

1990இல் கட்டைக்கூத்துச் சங்கம். 2002இல் குருகுலம். பிள்ளைகள் அங்கேயே தங்கினார்கள். கணக்கு, இங்கிலீஷ் பாடமும் உண்டு. அடவு, பாட்டு, மிருதங்கம், ஹார்மோனியம், முகவீணையும் உண்டு.

அது என்ன ‘கட்டை’ என்று கேட்கிறவர்களுக்கு: வேஷக்காரர்கள் தலையிலும் தோளிலும் மார்பிலும் கட்டுகிற மர அணிகளுக்குக் கட்டை என்று பேர். கல்யாண முருங்கை போன்ற கனமில்லாத மரத்தில் செதுக்கி, கண்ணாடிச் சில்லும் வண்ணக் காகிதமும் ஒட்டியிருப்பார்கள். தெருக்கூத்து என்று சொல்வதா, கட்டைக்கூத்து என்று சொல்வதா என்று கலைஞர்களுக்குள் ஒரு வழக்கு நடந்தது. அது நமக்கு வேண்டாம்.

பெரிய சங்கதி வேறு. அந்தக் குருகுலத்தில் பெண் பிள்ளைகளையும் சேர்த்தார்கள்! பாஞ்சாலி வேஷத்தையே ஆண்கள் கட்டிய கலை. அதில் பெண் பிள்ளைகள் துரியோதனன் வேஷம் கட்டி, கிரீடம் வைத்து, கிர்க்கி அடித்துச் சுழன்றார்கள். வாய் பிளந்து பார்த்தது கூட்டம்.

2020இல் குருகுலம் மூடப்பட்டது. பதினெட்டு வருஷம் நடந்திருக்கிறது. பள்ளிக்கூடத்தையும் கூத்தையும் ஒரே கூரையின் கீழ் வைக்க முடியும் என்று காட்டிவிட்டுத்தான் மூடியது. ஆனால் தங்க இடம், சோறு, பாட வாத்தியார், கூத்து வாத்தியார் என்று ஒரு முழுப் பள்ளியின் சுமையைத் தனி ஒரு சங்கம் சுமக்க வேண்டியிருந்தது என்பதையும் மறக்கக் கூடாது.

பக்கத்துக் கேரளத்தில் வள்ளத்தோள் 1930இல் தொடங்கிய கலாமண்டலம் இன்றும் நடக்கிறது. எட்டாம் வகுப்பிலிருந்து பாடமும் கதகளியும் அங்கே சேர்ந்தே போகின்றன. அரசாங்கம் தாங்குகிறது, நிற்கிறது. கூத்துக்கு அப்படி ஒரு தாங்கல் அமையவில்லை.

லீவு நாள் நாடகம்

லீவு நாளில் பெரிய நாடகம் கற்பது நடக்கிற காரியம்தானா என்றால், லண்டனில் நடந்திருக்கிறது. பள்ளி ஆசிரியராக இருந்த மைக்கேல் கிராஃப்ட் என்பவர் 1956 கோடை விடுமுறையில் மாணவர்களைச் சேர்த்து ஷேக்ஸ்பியரின் ‘ஐந்தாம் ஹென்றி’யை மேடை ஏற்றினார். அதுவே தேசிய இளைஞர் நாடகக் குழு ஆயிற்று. ஜேம்ஸ்பாண்டாக நடித்த டேனியல் கிரேக் அங்கே பழகியவர்தான்.

ஷேக்ஸ்பியர் நாடகத்துக்கு அச்சடித்த புஸ்தகம் இருக்கிறது. மனப்பாடம் செய்தால் பாதி வேலை முடிந்தது. கூத்து அப்படி இல்லை. பாட்டு பாடமாக இருக்கும். இடையில் வருகிற பேச்சை வேஷக்காரரே அந்த ராத்திரிக்கு, அந்த ஊருக்கு ஏற்ற மாதிரி கட்ட வேண்டும். எதிரில் நிற்பவர் எதை எடுத்து வீசுவார் என்று தெரியாது.

எது வரும், எது வராது?

சனி, ஞாயிறில் வருவது எது?

அடவு வரும். தாளம் வரும். வாரத்தில் இரண்டு நாள் வாத்தியார் முன்னால் ஆடி, மற்ற நாளில் வீட்டு வாசலில் பழகினால் ஒரு வருஷத்தில் கால் சொன்னபடி கேட்கும். ஒரு கதையின் பாட்டுகள் வரும். திரைக்குப் பின்னால் நின்று பாடி, திரை விலகியதும் களரிக்கு வருகிற பிரவேசம் வரும். அதற்குப் பெரிய சாமான் எதுவும் வேண்டாம். ஆளுக்கு ஒரு முனையாக இரண்டு பேர் வேட்டியைப் பிடித்தால் திரை.

முகம் எழுதவும் கற்கலாம். கூத்தில் மேக்கப்மேன் கிடையாது. கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு அவரவர் முகத்தை அவரவர்தான் எழுத வேண்டும். பொறுமை இல்லாத பிள்ளைக்குக் கூட அங்கே பொறுமை வந்துவிடும்.

வராதது எது?

ராத்திரி வராது! எட்டு மணி நேரம் நிற்கிற தெம்பு, நடுச்சாமத்தில் கூட்டம் கண் அசரும்போது எழுப்புகிற சாமர்த்தியம், கிரீடமும் புஜக்கட்டையும் அழுத்த அழுத்தப் பாடுகிற மூச்சு, இவற்றைப் பகல் வகுப்பில் கொடுக்க முடியாது. தபசு மரம் ஏறுகிற அருச்சுனனுக்குக் கீழே ஊர் ஜனம் அண்ணாந்து பார்க்க வேண்டும். வகுப்பறையில் அது எப்படி நடக்கும்?

ஆகவே சனி, ஞாயிறு வகுப்பை மட்டும் நம்பினால் பள்ளி ஆண்டு விழாவில் பத்து நிமிஷம் ஆடுகிற பிள்ளைகள் கிடைப்பார்கள். கூத்துக்காரர் கிடைக்க மாட்டார்.

பஞ்சாங்கத்தில் ஒரு வழி

இதற்கு ஒரு வழி பஞ்சாங்கத்திலேயே இருக்கிறது. பலர் கவனிப்பதில்லை.

தை பிறந்தால் கூத்துக்குப் பாக்கு வைக்க ஆள் வரும். பங்குனி, சித்திரை, வைகாசி, ஆடி என்று ஜமாவுக்கு மூச்சு விட நேரம் இருக்காது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில்? ஆட்டம் இல்லை. வருமானமும் இல்லை. ஹார்மோனியத்தைத் துணி போட்டு மூடி வைத்துவிட்டு, களை எடுக்கவும் கொத்து வேலைக்கும் போகிறவர்கள் பலர்.

பள்ளிக்கூடக் கணக்கு என்ன? ஜூனில் திறக்கிறது. மழைக்காலம் முழுக்கப் பாடம். ஏப்ரல், மே மாதங்களில் விடுமுறை.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வாத்தியார் சும்மா இருக்கிற மாதங்களில் பிள்ளைகளுக்குச் சனி, ஞாயிறு கிடைக்கிறது. பிள்ளைகள் சும்மா இருக்கிற மாதங்களில் ஊர் ஊராக ராத்திரிக் கூத்து நடக்கிறது. மழைக்காலத்தில் வகுப்பு. கோடையில் களரி. படிப்பில் ஒரு நாள் கூடக் குறையாது.

எடுத்த உடனே கர்ணன் வேஷம் கிடைக்காது. முதல் கோடையில் திரை பிடிக்கலாம், பின்பாட்டில் சேரலாம், சின்ன வேஷம் ஒன்று கட்டலாம். பத்தாவது, பன்னிரண்டாவது பிள்ளைகளுக்கு மட்டும் அந்த வருஷம் பரீட்சை முடிகிற வரை விலக்கு கொடுத்துவிட வேண்டும். இதில் கண்டிப்பாக இருந்தால்தான் பெற்றோர் நம்புவார்கள். “படிப்பு போச்சுன்னா யாரு பொறுப்பு?” என்று கேட்பார்களே, அந்தக் கேள்வி நியாயமான கேள்வி. ஆறு முதல் பதினாலு வயது வரை கட்டாயக் கல்வி என்று 2009இல் சட்டமே வந்துவிட்டது. ராஜகோபால் காலம் போல இனி பத்து வயதில் பள்ளியை விட முடியாது. விடவும் கூடாது.

பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு?

பெண் பிள்ளைகள் விஷயத்தில் எதிர்ப்பு இன்னும் கொஞ்சம் கூடுதலாக வரும். “வயசுப் பொண்ணு, ராத்திரில, ஊருக்கு முன்னால...” என்று இழுப்பார்கள்.

இங்கேதான் பகல் வகுப்புக்கு ஒரு சௌகரியம் உண்டு. பட்டப்பகல், பள்ளிக்கூட வளாகம், பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து கற்கிற இடம். அங்கே அனுப்பத் தயங்குகிற பெற்றோர் குறைவாகத்தான் இருப்பார்கள். ராத்திரி ஆட்டத்துக்குத் தாயோ அத்தையோ கூட வரலாம். காஞ்சிபுரத்துப் பிள்ளைகள் மேடையில் நின்று காட்டிவிட்டார்கள். ‘பெண்களுக்கு வராது’ என்ற பேச்சுக்கு இனி இடம் இல்லை.

வாத்தியாருக்கு யார் கொடுப்பது?

எல்லாம் சரி. வாத்தியார் சும்மா வந்து சொல்லிக் கொடுப்பாரா? அவருக்கும் வயிறு இருக்கிறது.

வயதான, நலிந்த கலைஞர்களுக்கு அரசு மாத உதவித்தொகை தருகிறது. நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு நல வாரியம் இருக்கிறது. ஆனால் உதவித்தொகை என்பது ஆடி ஓய்ந்த பிறகு வருவது. சொல்லிக் கொடுப்பதற்குக் கூலி என்பது வேறு. அது கௌரவமும் கூட.

கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றங்கள் பல ஊர்களில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாட்டு, பரதம், ஓவியம் சொல்லித் தருகின்றன. பகுதிநேர நாட்டுப்புறக் கலைப் பயிற்சியையும் துறை தொடங்கியிருக்கிறது. 2022இலிருந்து அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது. நாடகப் போட்டியும் உண்டு. போட்டிக்கு ஒரு மாதம் இருக்கும்போது அவசர அவசரமாக யூட்யூப் பார்த்துப் பழகுவதை விட, பக்கத்து ஊர் ஜமா வாத்தியாரைக் கூப்பிட்டு மழைக்காலச் சனிக்கிழமைகளுக்குச் சம்பளம் கொடுத்தால் பிள்ளைகள் ஜெயிப்பார்கள், வாத்தியார் வீட்டிலும் அடுப்பு எரியும்.

ஏற்பாடுகள் மாவட்டத் தலைநகரோடு நின்றுவிடுவதுதான் வழக்கமான கோளாறு. நைனார்பாளையத்துப் பிள்ளை கள்ளக்குறிச்சிக்குப் பஸ் ஏறிப்போய்க் கூத்து கற்கும் என்று எதிர்பார்ப்பது வேடிக்கை. கூத்துக்காரர் இருப்பது கிராமத்தில். பிள்ளை இருப்பதும் கிராமத்தில். வகுப்பு மட்டும் டவுனில் எதற்கு?

கல்வராயன் மலைப் பிள்ளைகளுக்கு இன்னொரு வசதி உண்டு. மலையில் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. சனி, ஞாயிறில் ஊருக்குப் போகாமல் விடுதியிலேயே இருக்கிற பிள்ளைகளுக்கு அந்த இரண்டு நாளும் நீளமான நாட்கள். அங்கே தங்கிச் சொல்லிக் கொடுக்க ஒரு வாத்தியார், ஒரு மிருதங்கம், ஒரு ஹார்மோனியம், திரைக்கு ஒரு வேட்டி போதும்.

கீழ்நாட்டுப் பள்ளிகளில் சனிக்கிழமை சாவி யாரிடம் இருக்கிறது என்பதையும் முதலிலேயே கேட்டு வைப்பது நல்லது. பல வகுப்புகள் நின்றுபோவது பூட்டின கதவுக்கு முன்னால்தான்.